கணக்கெடுக்க வந்தவளிடம் சொன்னது

அன்று வெள்ளிக்கிழமை, ஏப்ரல் முதல் தேதி. காலை ஏழரை மணிக்கு அப்பா கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்தபோது முகம் மழித்து, சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு, டை கட்டியிருந்தார். அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்தக் கோட்டை அவர் வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை.

"யாராவது செத்துப் போயிட்டாங்களாப்பா?"

"திறந்துட்டாங்களா இல்லையா, அதப் பாரு மொதல்ல" என்று சொல்லிவிட்டு என் கணினிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பத்தாண்டுக்கு ஒருமுறை அமெரிக்க அரசாங்கம் வீடு வீடாக ஆளனுப்பித் தலை எண்ணுகிறது. எண்ணி எழுதிய தாள்களை எழுபத்திரண்டு ஆண்டுகள் பூட்டி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எல்லாரும் பார்க்கத் திறந்துவிடுகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் எழுதிய தாள்கள் அன்று திறந்தன. இப்படி ஒரு விதி இருப்பதே எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் நாற்பதாம் வருடத் தாள்களைத் திறந்தபோது செய்தித்தாளில் வந்த துண்டை வெட்டி எடுத்துப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார். அப்போது, "நாப்பதப் பாக்கலாமா?" என்று கேட்டதற்கு, "அதுல எனக்கு ரெண்டு வயசு. எனக்கு வேண்டியது அடுத்தது" என்றார். முப்பத்தொரு வருடம் ஃபால் ரிவர் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர். ஒரு நிமிடம் தாமதமாக வருகிற பயணியைக்கூடத் திட்டுவார். அவர் பத்து வருடம் பொறுமையாகக் காத்திருந்தார். தன்னையே, பன்னிரண்டு வயது அடெலினோவாக, பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வயதானவர்களுக்கு வருகிற ஆசைதானே.

பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. கையெழுத்தை இயந்திரம் படித்துப் பட்டியல் போட்டிருந்ததால் பாதிப் பெயர்கள் கோணலாக இருந்தன. வரைபடத்தில் எங்கள் பழைய வட்டாரத்தைக் கண்டுபிடித்து, அதன் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு போனேன். தாளுக்கு முப்பது வரிகள். அல்மெய்தா, பஷேக்கோ, மெதெய்ரோஷ் என்று தெரு முழுக்க அசோர்ஸிலிருந்து வந்த எங்கள் போர்த்துகீசுத் தீவுக்காரர்கள். பஞ்சாலையில் நூற்பவர், பஞ்சாலையில் நெய்பவர், வேலை தேடுகிறவர். பதினாலாவது தாளில் கிடைத்தது. சாய்ந்த, சுத்தமான பெண் கையெழுத்து.

ஜசிந்தோ ஃபுர்தாதோ, குடும்பத் தலைவர், வயது ஐம்பத்தொன்று, பிறந்த இடம் அசோர்ஸ். எர்மெலிந்தா, மனைவி, நாற்பத்தாறு. ஒராசியோ, மகன், பதினைந்து. அடெலினோ, மகன், பன்னிரண்டு. அடுத்த வரியில் வேறு குடும்பம் தொடங்கிவிட்டது.

"இதோப்பா நீங்க!" என்று அவர் தோளைத் தட்டினேன். அவர் தன் பெயரைப் பார்க்கவே இல்லை. தன் பெயருக்குக் கீழே, அடுத்த குடும்பம் தொடங்குகிற இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணாடித் திரையில் அவர் நகம் வெளுத்தது.

"நாலுதான்" என்றார். "நாலுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"வேற யாருப்பா இருக்கணும்?"

அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். "எனக்கு ஒரு அக்கா" என்றார். "இடலினா."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அதுவரை அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. பெரியப்பா ஒராசியோ குடித்துவிட்டு ஊர்க்கதை எல்லாம் பேசுவார், அவர்கூடச் சொன்னதில்லை. கல்லறையில் தாத்தா பாட்டி பெயர்களுக்குக் கீழே பொறித்திருப்பது இரண்டு மகன்கள் பெயர்தான்.

அப்பா திரையைப் பார்த்தபடியே சொன்னார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய வாரம். பஞ்சாலையில் வேலை குறைந்து தாத்தா வீட்டில் இருந்தார். பாட்டி அடுப்படியில் முழு முட்டை வைத்துச் சுடுகிற இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்போது தொப்பி போட்ட ஒரு பெண் பெரிய அட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றாள். அவளுக்குப் போர்த்துகீசு தெரியாது. பாட்டிக்கு ஆங்கிலம் வராது. ஒராசியோ வெளியே போயிருந்தான். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலாவதாக வருகிற அடெலினோ வாசலில் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பேசினான். கடைக்கு, மருத்துவரிடம், வாடகை வாங்க வருகிறவரிடம் எல்லாம் அம்மாவுக்காகப் பேசுவது அவன்தான். அதில் அவனுக்குப் பெருமை.

"இந்த வீட்டுல எத்தன பேர் இருக்கீங்கன்னு கேட்டா. நான் அம்மா பக்கம் திரும்பிக் கேட்டேன். அம்மா மாவுக் கையோட வந்து நின்னு, 'அஞ்சுன்னு சொல்லுடா' அப்படின்னாங்க. மெதுவா சொன்னாங்க. ஆனா உள்ள உக்காந்திருந்த எங்கப்பா காதுல விழுந்துடுச்சு. அவர் திரும்பக்கூட இல்ல. 'நாலு'ன்னார்."

இடலினாவுக்குப் பத்தொன்பது வயது. ஆலையில் அவளுடைய பகுதிக்கு மேற்பார்வையாளன் ஒருவன், கல்யாணமானவன். பிப்ரவரியில் அவள் வயிற்றில் அவன் பிள்ளை என்று தெரிந்ததும் தாத்தா அவள் துணிகளை ஒரு தலையணை உறைக்குள் திணித்துப் படிக்கட்டில் வைத்துவிட்டார். அன்று பனி பெய்துகொண்டிருந்தது என்பது மட்டும் அப்பாவுக்கு நினைவிருக்கிறது. அவள் இறங்கிப் போன சத்தம் நினைவில்லை, அவர் தூங்கிவிட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஃபோர்னு சொன்னேன். அந்தம்மா எழுதிக்கிட்டா. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னாலும் எண்ணத் தெரியும். பத்து வயசுலேருந்து ஆலையில நூல்கட்டை எண்ணுனவங்க. நான் சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சுது. என்னப் பாத்தாங்க. திட்டல. போயி மாவப் பெசஞ்சாங்க."

"அதுக்கப்புறம் எனக்காகப் பேசுடான்னு அம்மா என்னக் கூப்பிட்டதே இல்ல" என்றார். "எல்லாத்துக்கும் ஒராசியோதான். அவனுக்கு இங்கிலீஷ் அரகொறதான். எழுபத்தொண்ணுல ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, டாக்டர் வந்து நிக்கிறார், நான் பக்கத்துலயே நிக்கிறேன். 'ஒராசியோ வரட்டும்'னாங்க. அவன் பாஸ்டன்லேருந்து வர்ற வரைக்கும் வாயத் தொறக்கல."

அந்த வெள்ளிக்கிழமை நான் வேலை பார்க்கிற மருத்துவமனைக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். அப்பாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. எனக்குள் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருடம் ஒரு பெண்ணை மறைத்து வைத்திருக்கிறார்களே என்று. பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. எனக்கு இருபது வயதாக இருக்கும்போது, கல்யாணமாகாமல் வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு சமையலறையில் நின்று அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்னைத் துரத்தப் போகிறார் என்று பயந்து நான் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மரத்தொட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். நான் கட்டியிருந்த மூட்டையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தொட்டிலை அப்படியே போட்டுவிட்டு, அந்த மூட்டையைப் பிரித்து, என் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினார். அப்பாவுக்கு நல்ல மனசு என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் யாருடைய துணிகளை அடுக்கினார் என்று முப்பத்தெட்டு வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

"எங்கயாவது எழுதியிருப்பாங்க இல்ல?" என்றார் அப்பா. "நம்ம வீட்டுல இல்லன்னா வேற வீட்டுல. அந்த வருஷம் ஊர்ல இருந்த எல்லாரையும் எழுதுனாங்கதானே?"

"எல்லாரையும்தான்."

"அப்ப தேடும்மா."

தேடினேன். தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம். அப்பா கீழிருந்து வந்து பக்கத்தில் உட்காருவார். நியூ பெட்ஃபோர்டில் ஒரு சித்தி முறை இருந்தாள், அங்கே பார் என்பார். பிராவிடன்ஸ், நியூவர்க், பாஸ்டன். கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிகள். பெரிய வீடுகளில் வேலைக்காரப் பெண்களாக எழுதியிருந்த இடலினாக்கள் எத்தனையோ பேர் கிடைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா நிமிர்ந்து உட்காருவார். வயது பார்ப்போம், பிறந்த ஊர் பார்ப்போம், இல்லை. அவர் மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொள்வார். மே மாதம் முடியப்போகும்போது அவர் மாடியேறி வருவது குறைந்தது. நெஞ்சு இழுக்கிறது என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் தனியாக இருந்தேன். தூரமெல்லாம் தேடி அலுத்துப்போய், எங்கள் பழைய தெருவைச் சுற்றியிருந்த தெருக்களை வீடு வீடாகப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அதே பெண்ணின் அதே சாய்ந்த கையெழுத்து. எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு மறுநாள் தேதி. இரண்டு தெரு தள்ளி, இரண்டாம் மாடி. சில்வினா ரெசெந்திஷ், விதவை, அறுபத்திரண்டு. அவள் பெயருக்குக் கீழே, ஐடா ஃபுர்தாதோ, அறை வாடகைக்கு இருப்பவள், பத்தொன்பது, கல்யாணமாகாதவள். இடலினாவை ஐடா என்று சுருக்கி எழுதியிருந்தாள்; ஃபுர்தாதோவை இயந்திரம் ஃபஸ்டாடோ என்று படித்திருந்தது.

ஒவ்வொரு தாளிலும் ஆறு பேரிடம் மட்டும் கூடுதலாகக் கேள்வி கேட்டுத் தாளின் அடியில் எழுதுவார்கள். அவள் பெயர் அப்படி ஒரு வரியில் விழுந்திருந்தது. ஒரு வருடத்துக்கு முன் இதே வீட்டில்தான் இருந்தாரா? இல்லை. அப்பா பிறந்த இடம்? அசோர்ஸ். அம்மா பிறந்த இடம்? அசோர்ஸ். படித்தது எட்டாம் வகுப்பு. இதையெல்லாம் இடலினா தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு நல்ல ஆங்கிலம் தெரியும் என்று தேடுகிற நாட்களில் அப்பா சொல்லியிருந்தார். யாரும் நடுவில் நின்று பேசத் தேவையில்லாமல் அவளே சொல்லியிருப்பாள்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பாஸ்டனில் கிடைத்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன். இரண்டு தெரு தள்ளி என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தாளை அச்செடுத்து அவர் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அக்காவின் பெயரில் கண் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். அதற்கு மேல் வரியில் நின்றது.

"சில்வினா ரெசெந்திஷ்" என்று சத்தமாகப் படித்தார். மறுபடியும் படித்தார். "இந்தம்மாவ எனக்குத் தெரியும்."

"எப்படிப்பா?"

"சூப்பு கொண்டு போயிக் குடுத்தேனே!"

அவர் எழுந்து நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும். மூடி போட்ட பாத்திரத்துல கீரையும் பன்றித்தொத்திறைச்சியும் போட்டு சூப்பு. 'அந்தக் கிழவிக்கு முடியல, பாவம், தனியா இருக்கா, குடுத்துட்டு வாடா'ன்னு அம்மா அனுப்புவாங்க. எங்கப்பா குடிக்கப் போன பெறகுதான் அனுப்புவாங்க. அந்தம்மா கதவ இத்தன அகலம் தொறப்பா." இரண்டு விரலால் காட்டினார். "பாத்திரத்த வாங்கிப்பா. போன வாரப் பாத்திரத்தக் கழுவிக் குடுப்பா. உள்ள வான்னு ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்கு எரிச்சலா இருக்கும். இவ்ளோ தூரம் தூக்கிட்டு வர்றேன், ஒரு மிட்டாய்கூடக் குடுக்கலயேன்னு."

"அப்பா..."

"சேதி மட்டும் சொல்லி அனுப்புவா. 'நல்லா சாப்பிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு.' 'இப்ப வாந்தி நின்னுடுச்சுன்னு சொல்லு.' 'கால் வீக்கம் கொறஞ்சிருக்குன்னு சொல்லு.' நான் அப்படியே போயிச் சொல்லுவேன். கிழவிக்குக் கால் வீங்கியிருக்காம்மா, கொறஞ்சிடுச்சாம்மா. அம்மா ஒவ்வொரு வார்த்தையும் திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. எப்படிச் சொன்னா, சிரிச்சாளா, குரல் எப்படி இருந்துச்சுன்னு. ஒரு கிழவி காலுக்கு இவ்ளோ கேள்வியான்னு நான் கிண்டல் பண்ணுவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மூக்குத்தண்டில் இரண்டு பள்ளங்கள் சிவந்திருந்தன.

"ஆகஸ்டுல ஒரு நாள் போனேன். அந்தம்மா பாத்திரத்த வாங்கல. 'இனிமே வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடு' அப்படின்னா. அவ்ளோதான், கதவச் சாத்திட்டா. எனக்குன்னா ஒரே குஷி. சனிக்கிழம இனி பந்து வெளயாடப் போலாமே. சூப்பு பாத்திரத்தோட ஓடியே வந்தேன். கீழ்ப்படியிலேருந்தே கத்துனேன், 'அம்மா, இனிமே வேண்டாமாம்!' அம்மா மேல வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. படியிலயே உக்காந்துட்டாங்க. நான் பாத்திரத்த அவங்க பக்கத்துல வெச்சுட்டு வெளயாடப் போயிட்டேன்."

எண்பத்து நாலு வயதான மனிதர் வாய்விட்டு அழுவதை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அம்மா போனபோதுகூட அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் நின்றார். "கதவுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கா. என் குரலக் கேட்டிருப்பா இல்ல? ஜூல்மிரா, வாரா வாரம் என் குரலக் கேட்டிருப்பா" என்று என் பெயரைச் சொல்லி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நகர அலுவலகத்துக்குப் போனேன். ஐம்பதாம் வருடம் ஆகஸ்டு, செப்டம்பர் இறப்புப் பதிவுகளில் இடலினா ஃபுர்தாதோ இல்லை. எழுபதாம் வருடம் வரை பார்த்தேன், இல்லை. கல்யாணப் பதிவிலும் இல்லை. பிறப்புப் பதிவைக் கேட்டேன். அப்பா பெயர் இல்லாமல் பிறந்த பிள்ளைகளின் ஏட்டைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் காட்டுவோம் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். நாங்கள் சம்பந்தப்பட்டவர்கள்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. இடலினா வேறு ஊருக்குப் போயிருக்கலாம். வேறு பெயர் வைத்துக்கொண்டிருக்கலாம். பிள்ளையோடு போனாளா, பிள்ளை இல்லாமல் போனாளா, தெரியாது. அவள் எங்கே இருந்தாள் என்று சொல்லக்கூடிய அடுத்த தாள் அறுபதாம் வருடத்தது.

"அத எப்பத் தொறப்பாங்க?"

"ரெண்டாயிரத்து முப்பத்திரெண்டுல."

அப்பா மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "எனக்குத் தொண்ணூத்தி நாலு. அவளுக்கு நூத்தி ஒண்ணு" என்றார். பிறகு, பேருந்தைத் தவறவிட்டவர்களிடம் சொல்கிற தோரணையில், "நீ பாத்துக்க" என்றார்.

ஜூன் மாதம் ஒரு நாள் பகல் பத்து மணிக்கு, அந்த வீட்டுக்குப் போகணும் என்று கிளம்பி நின்றார். இந்தத் தடவை கோட்டு இல்லை, வீட்டில் போடுகிற கம்பளிச் சட்டைதான். காரில் கூட்டிக்கொண்டு போனேன். வீடு அப்படியே இருந்தது, பச்சைப் பூச்சு மட்டும் வெள்ளையாகியிருந்தது. இரண்டாம் மாடி வரைக்கும் கைப்பிடியைப் பிடித்துப் படிக்குப் படி நின்று ஏறினார். கதவைத் தட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

ஒரு சின்ன வயதுப் பெண் கதவைத் திறந்தாள். இடுப்பில் ஈரத் துண்டு. குவாத்தமாலாக்காரி. அவள் பெயர் யெசேனியா என்று பிறகு சொன்னாள். அப்பா போர்த்துகீசில் மெதுவாகப் பேச, அவள் ஸ்பானிஷில் பதில் சொன்னாள். இரண்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

"எங்கக்கா இந்த வீட்டுல இருந்தாம்மா. ரொம்ப வருஷத்துக்கு முன்னால. பின்பக்க ரூம ஒருதரம் பாக்கலாமா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கதவை முழுக்கத் திறந்தாள். "வாங்க தாத்தா. கொழந்த தூங்குது, சத்தம் மட்டும் போடாதீங்க" என்றாள்.

அப்பா வாசற்படியில் ஒரு நொடி தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பின்பக்க அறை ஒரு கட்டிலும் ஒரு தொட்டிலும் போட்டால் நிரம்பிவிடுகிற அளவுதான். குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இருந்த ஒரே ஜன்னலில் மஞ்சள் திரை. அப்பா சுவரைத் தொட்டார். கதவின் உள்பக்கத்தைத் தொட்டார். ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினார்.

அங்கேயே நின்றுவிட்டார். நான் அவர் பின்னால் போய் நின்று பார்த்தேன். பின்முற்றங்கள், வேலிகள், ஒரு அத்திமரம், இன்னொரு வேலி. தெருவழியாகப் போனால் இரண்டு தெரு. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் நடுவில் தடுக்க ஒன்றுமில்லை. நேர் எதிரே, மூன்றாம் மாடியில், எங்கள் பழைய வீட்டின் பின்கட்டு. துணி காயப்போடுகிற கொடி அங்கிருந்து முற்றத்துக்குக் குறுக்கே ஒரு கம்பத்துக்கு ஓடியது.

"அம்மா அங்கதான் நிப்பாங்க" என்றார் அப்பா. குழந்தை எழுந்துவிடும் என்று கிசுகிசுப்பாகச் சொன்னார். "காஞ்ச துணியத் திரும்ப நனச்சுக் காயப்போடறாங்கன்னு ஒராசியோ சிரிப்பான்."

இப்போது அங்கே யாரோ ஒரு பெண் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கவ்விகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு சட்டையை உதறிக் கொடியில் மாட்டி, கயிற்றை இழுத்து, அடுத்ததை எடுத்தாள். அப்பா கையை உயர்த்தினார். தோளுக்கு மேலே போகாமல் அந்தக் கை பாதியிலேயே நின்றது. அந்தப் பெண் ஏதோ அசைவதைக் கண்டு இந்தப் பக்கம் பார்த்தாள். தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி எங்களைப் பார்த்தாள். பிறகு, ஒரு கையில் ஈரச் சட்டை சொட்டிக்கொண்டிருக்க, மற்றக் கையை மெல்லத் தூக்கினாள்.